ஆறும் ஆரம்பக் கல்வியும்: அக்கரைப்பற்றுப் பிரதேசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊரின் பெயர் சிலவேளைகளில் அவ்வூரின் நில அமைப்பையும் அதனோடு பிணைந்த வரலாற்றையும் தன்னகத்தே கொண்டு விளங்குவதுண்டு. அக்கரைப்பற்று என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்றாகும். 'அக்கரை' என்பது நீருக்கு அப்பாலுள்ள கரையைச் சுட்டுவது. 'பற்று' என்பது மட்டக்களப்புப் பிரதேசத்தில் வழங்கிவந்த பழைய நிர்வாகப் பிரிவினைக் குறிப்பது. எருவில்பற்று, கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, பாணமைப்பற்று என்பனவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட இப்பிரிவு, நீரைக் கொண்டே தன்னை அடையாளங் காட்டிக்கொண்டது. அவ்வூரிற் பிறந்து வளரும் ஒரு பிள்ளை எழுத்தறியுமுன்னரே தன் ஊர்ப்பெயரை உச்சரிக்கும்பொழுது ஒரு நீர்நிலையையும் அதன் இரு கரைகளையும் சேர்த்தே உச்சரிக்கின்றது எனலாம்.

எனினும், அப்பிள்ளை பாடசாலையிற் சேர்ந்தபின் ஆற்றை எவ்வாறு அறிகின்றது என்பது வேறொரு வினாவாகும். ஆரம்ப வகுப்பு மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, அங்கு வாழும் மீன், புள், புழு, மரம், நாணல் ஆகியவற்றையும் அவற்றின் வாழிடங்களையும் நேரிற் காணச் செய்யும் களப்பயணம் இன்று கல்வியியலாளரால் வற்புறுத்தப்படும் ஒரு முறையாக உள்ளது. இம்முறை எங்கிருந்து வந்தது, இப்பிரதேசத்தில் அது வேரூன்றத் தடையாக நின்றவை யாவை, களப்பயணத்தின்போது பிள்ளைகள் காணும் ஆறு எத்தகைய ஆறு என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திணை மரபும் வாழிட அறிவும்

உயிரினங்களை அவை வாழும் நிலத்தோடு இணைத்துக் காணும் நோக்குத் தமிழ் மரபுக்குப் புதியதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டு, அவ்வந்நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என வகுத்த தொல்காப்பியம், ஒரு நிலத்தின் உயிர்களைத் தனித்தனியே எண்ணாது ஒரு தொகுதியாகவே எண்ணியது. இது இலக்கியத்துக்கென வகுக்கப்பட்ட மரபேயன்றி உயிரியல் அன்று என்பது உண்மையே. ஆயினும், நிலம் வேறுபட உயிர் வேறுபடும் என்னும் அடிப்படைக் கருத்து அதன்கண் தெளிவாக அமைந்துள்ளது.

மேலைநாட்டில் உயிர்களுக்கும் சூழலுக்கும் இடையிலான தொடர்பை ஆராயும் துறைக்குச் சேர்மானிய அறிஞர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் 1866ஆம் ஆண்டிலே பெயர் சூட்டினார். இன்று இலங்கைப் பாடநூல்கள் 'சூழற்றொகுதி' என வழங்கும் கருத்தை ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் ரான்ஸ்லி 1935ஆம் ஆண்டில் முன்வைத்தார். உயிருள்ளவற்றையும், நீர், மண், ஒளி போன்ற உயிரற்றவற்றையும் ஒரே தொகுதியின் உறுப்புகளாகக் கொள்ளவேண்டும் என்பது அவர்தம் கருத்தின் சாரம். அறிவியல் இம்முடிவுக்கு வந்து ஒரு நூற்றாண்டுதானும் நிறைவுறவில்லை.

இத்தகைய அறிவியற் கருத்துகளைத் தமிழிற் கூறுதற்கு வேண்டிய சொற்களை ஆக்கும் முயற்சியிலே முன்னின்றவருள் ஒருவர் அக்கரைப்பற்றுக்கு வடக்கே அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892 – 1947) என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. விஞ்ஞானத்திலும் தமிழிலும் ஒருங்கே புலமை பெற்றிருந்த அவர், 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். தாய்மொழியில் அறிவியல் கற்பிக்கலாம் என்னும் துணிவு இக்கரையோரத்துக்கு வெளியிலிருந்து வந்ததன்று. இம்மண்ணிலும் அது விளைந்தது.

பிரதேசத்தின் நீரமைப்பு

அக்கரைப்பற்றுப் பிரதேசத்தின் நீரமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். மேற்கே ஊவா மலைச்சாரலில் ஊற்றெடுத்து ஏறத்தாழ 108 கிலோமீற்றர் ஓடிக் கிழக்குக் கடலைச் சேர்வது கல்லோயா. கரையோரத் தமிழ் பேசும் மக்கள் இதனைப் பட்டிப்பளை ஆறு என வழங்கிவந்தனர். கரையை அணுகும்போது ஆறு ஒரே ஓட்டமாகக் கடலிற் கலப்பதில்லை. தாழ்ந்த சமநிலத்திற் பல கிளைகளாகவும் ஓடைகளாகவும் பரந்து, களப்புகளிலும் சதுப்புகளிலும் தேங்கி, மணற்றிட்டுகளை உடைத்துக்கொண்டே கடலை அடைகின்றது. களியோடை, வெட்டாறு, கோணாவத்தை ஆறு, தில்லையாறு, சம்புக்களப்பு, பெரிய களப்பு எனப் பல பெயர்கள் கொண்டு இக்கரையோரத்தின் நீர்ப்பரப்புகள் விளங்குகின்றன.

இப்பெயர்களே ஒரு பாடமாகும். வெட்டாறு என்னும் பெயர் வெட்டப்பட்ட நீர்வழியை உணர்த்துகின்றது. தில்லையாறு என்பது தில்லை மரத்தை நினைவூட்டுகின்றது. தில்லை, உவர்நீர் படும் சேற்றுநிலத்திலே வளரும் கண்டற்சாதி மரங்களுள் ஒன்று. அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்குக் கேடு விளைக்கும். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த மரமும் இதுவே. ஓர் ஆற்றின் பெயரைக் கொண்டே, அவ்விடத்து நீர் உவர்நீரா நன்னீரா என்பதை ஊகிக்கவும், தன்னை நெருங்குவோரிடமிருந்து ஒரு மரம் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கின்றது என்பதை விளக்கவும் ஓர் ஆசிரியரால் இயலும்.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, இங்கு பெருமழை பெய்யும். அப்பொழுது களப்புகள் நிறைந்து வயல்கள் மூழ்கும். முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணற்றிட்டு வெட்டப்பட்டாலன்றி வெள்ளம் வடியாது. கோடையில் நிலைமை மாறி, கடல்நீர் உட்புகுந்து களப்பு உவர்க்கும். நன்னீரும் உவர்நீரும் ஆண்டுதோறும் இடம்மாறும் இத்தன்மையே விரால், கெளிறு போன்ற நன்னீர் மீன்களையும், மணலை, இறால், நண்டு போன்ற உவர்நீர் உயிர்களையும் ஒரே பிரதேசத்தில் வாழச் செய்தது.

வட்டையில் வளர்ந்த அறிவு

நீரைப் பற்றிய இவ்வறிவு பாடசாலைக்கு வருமுன்னரே வட்டையில் வளர்ந்திருந்தது. முன்மாரி, பின்மாரி எனப் பயிர்ச்செய்கையை மழையின் வரவை ஒட்டிப் பகுத்தமையும், குளத்தின் நீரை முறைவைத்துப் பங்கிட்டமையும் இப்பிரதேச உழவரின் நீரறிவைக் காட்டுவன. நீர்ப்பங்கீட்டை மேற்பார்வை செய்தவர் வட்டைவிதானை. போடியாரின் வயலைப் பொறுப்பேற்று நடத்தியவர் முல்லைக்காரன். வரம்பின் வக்கடையை எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது என்பது எழுதப்படாத, ஆயினும் எவரும் மீறத் துணியாத ஒழுங்காக இருந்தது. பெண்களின் அறிவு வேறொரு துறையில் விளங்கியது. எந்தச் சதுப்பில் நல்ல பன் விளையும், அதனை எப்பருவத்தில் அறுத்து உலர்த்தினாற் பாய் இழைக்க உதவும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு நிகழ்த்தி, அதன் பெறுபேறுகளைப் பின்னர் 2008இல் விரிந்த நூலாக வெளியிட்டார். தாய்வழிக் குடிமுறை, நிலவுரிமை, வயற்றொழில் ஆகியவற்றில் இவ்வூரின் தமிழரும் முஸ்லிம்களும் பெரிதும் ஒத்த மரபுகளைக் கொண்டிருந்தமையை அவர்தம் ஆய்வு எடுத்துக்காட்டியது. சமயத்தால் வேறுபட்ட இரு சமூகத்தினரும் ஒரே குளத்து நீரைப் பகிர்ந்து, ஒரே சொற்களால் அதனைப் பேசி வந்தனர் என்பது வரலாற்று மாணவர் மனங்கொள்ளத் தக்கது.

பிரித்தானிய ஆட்சியினரும் இம்மரபின் பயனை உணராமலில்லை. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் நீர்ப்பாசனத்தில் ஆர்வங் காட்டினார். அவர் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நீர்ப்பங்கீடு பற்றிய பழைய கிராம வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலுவளித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமார் வகித்த பணியைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. அம்மாற்றத்துக்குச் சமூக நீதி சார்ந்த காரணங்கள் இருந்தன. எனினும், ஒரு பதவியோடு சேர்ந்து அப்பதவியிற் பொதிந்திருந்த அறிவும் பேணுவாரற்றுப் போகும் நிலை தோன்றியது.

பாடசாலையின் வருகை

மட்டக்களப்பில் நவீன பாடசாலைக் கல்வியின் தொடக்கம் 1814இல் அங்கு வந்த வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்டுடன் தொடர்புபடுத்தப்படுகின்றது. அடுத்த நூற்றாண்டில் இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளும் அரசாங்கப் பாடசாலைகளும் பரவின. முஸ்லிம் ஊர்களைப் பொறுத்தவரை 1942ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். போர்க்கால அவசர நிலையிற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்ட ஏ. எம். ஏ. அஸீஸ், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் காடழித்துக் களனியாக்கும் பணியை ஊக்குவித்ததோடு, அதே ஆண்டிற் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்தார். நெல்லும் கல்வியும் ஒரே நிருவாகியின் கையில் ஒரே ஆண்டில் இணைந்தமை தற்செயலன்று. வயலின் விளைவே பிள்ளையின் படிப்புக்கு முதலாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டும் என்ற கொள்கையும் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு பிணைந்தவை. அவற்றால் உழவன் பிள்ளையும் மீனவன் பிள்ளையும் பாடசாலைக்கு வந்தனர். ஆயினும், தந்தையின் அறிவு பாடசாலைக்கு வரவில்லை. பாடநூலில் ஆறு என்பது மலையிற் பிறந்து கடலிற் சேரும் ஒரு கோடாக இருந்தது. வகுப்பறையின் பின்புறத்தே ஓடிய ஓடைக்குப் பாடநூலில் இடமிருக்கவில்லை. கல்வி என்பது வயலிலிருந்தும் தோணியிலிருந்தும் விடுதலை பெற்று உத்தியோகத்தை அடைவதற்கான வழி என்னும் எண்ணம் பெற்றோரிடத்து வேரூன்றிய காலத்தில், பிள்ளையை மீண்டும் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வதன் நோக்கம் எவருக்கும் புலப்படாதது இயல்பே.

உலகிற் களக்கல்வியின் வளர்ச்சி

பொருளை நேரிற் கண்டு கற்றல் வேண்டும் என்னும் கொள்கை ஐரோப்பாவிற் படிப்படியாகவே வலுப்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டிற் கொமேனியஸ் படங்களைக் கொண்ட பாடநூலை ஆக்கினார். ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமில்' என்னும் நூலிலே குழந்தையின் முதலாசிரியன் இயற்கையே என வாதிட்டார். பெஸ்தலோசி அதனைப் பாடசாலை நடைமுறையாக்க முயன்றார். கீழைத்தேயத்தில் இரவீந்திரநாத் தாகூர் 1901இற் சாந்திநிகேதனத்திலே மரநிழலில் வகுப்புகளைத் தொடங்கினார்.

களக்கல்வியின் பயன் பிள்ளையின் மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதன்று என்பதற்குச் சிறந்த சான்று பிரித்தானியாவிற் கிடைக்கின்றது. புவியியலாளர் டட்லி ஸ்ராம்ப் 1930களில் நடத்திய நிலப்பயன்பாட்டு அளவீட்டிற் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியரும் பெருந்தொகையினராகப் பங்குபற்றினர். அவர்கள் தத்தம் ஊரின் வயல், மேய்ச்சல்நிலம், காடு ஆகியவற்றை நடந்து சென்று பார்த்து வரைபடத்திற் குறித்தனர். இவ்வாறு திரண்ட தகவல்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைத் திட்டமிட உதவின. பிள்ளைகளின் கண் நாட்டுக்குப் பயன்பட்டது.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப் பாடசாலைகளிலே தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம், பாடநூலை மனனஞ் செய்வதை விடுத்து வயலையும் ஓடையையும் ஆய்வுகூடமாக்கியது. முப்பது ஆண்டுகள் நடைபெற்ற பின் 2002இல் அரசு அதனை நிறுத்தியது. நல்ல கல்வி முறையொன்று தன் பயனை நிலைநாட்டிய பின்னரும், நிருவாக ஆதரவின்றி நிலைக்கமாட்டாது என்பதை அதன் முடிவு உணர்த்துகின்றது.

இலங்கையில் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த கலைத்திட்டத்தை வழங்கியது. 1998இற் கம்பகா மாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1999இல் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்ட சீர்திருத்தம், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்பதை ஆரம்பக் கல்வியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக்கியது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றையும் இணைத்துக் கற்பிக்கும் அம்முறையிற் களப்பயணத்துக்கு முறையான இடம் கிடைத்தது. எனினும், ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் போட்டி நிழல் ஆரம்ப வகுப்புகள் மீது படிந்தமையால், ஆற்றங்கரையிற் கழியும் ஒரு காலைப்பொழுது வீண்பொழுதெனக் கருதப்படும் நிலை பல இடங்களிலும் நீங்கவில்லை.

ஆறு மாறிய வரலாறு

பாடசாலை ஆற்றை நோக்கித் திரும்பிய அரை நூற்றாண்டுக்குள் ஆறே மாறிவிட்டது என்பது இவ்வரலாற்றின் முக்கிய கூறாகும். 1949ஆம் ஆண்டிற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவியது. அமெரிக்காவின் ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்ட இச்சபையின் பணிப்பில், மொறிசன் – நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. அணைக்கு மேலே ஏறத்தாழ 770,000 ஏக்கரடி நீரைக் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் நீரேந்து பரப்பைக் காக்கும் பொருட்டு 1954இற் கல்லோயா தேசிய வனம் பிரகடனஞ் செய்யப்பட்டது.

அணையாற் பெருநிலப்பரப்பு நீர்வசதி பெற்றது. பல்லாயிரம் குடும்பங்கள் காணி பெற்றன. இருபோகச் செய்கை சாத்தியமாயிற்று. அதேவேளை, மேற்புறத்துக் குடியேற்ற அலகுகளிற் பெரும்பாலானவை வெளிமாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட சிங்களக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டமையால், மக்கட்பரம்பலும் அரசியலும் மாறின. 1956 யூன் மாதத்திற் கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழர் பலர் உயிரிழந்த வன்செயல் நிகழ்ந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆற்றின் தலைப்பக்கத்தாருக்கும் வாற்பக்கத்தாருக்கும் இடையிலான நீர்ப்பிரச்சினை இனப்பிரச்சினையின் சாயலையும் பெற்றது.

உயிரினச் சூழலில் நிகழ்ந்த மாற்றமும் சிறிதன்று. இயற்கையாற்றிற் பருவந்தோறும் வெள்ளம் வந்து வண்டலையும் மணலையும் கரைக்குக் கொணரும். அணை அவ்வெள்ளத்தைத் தணிப்பதோடு மணலையும் மறிக்கின்றது. கோடையிலும் வயல்களினின்று வடியும் நன்னீர் களப்பை அடையும்போது, உவர்நீருக்குப் பழகிய உயிர்கள் குன்றி, நாணலும் பன்னும் நீர்க்களைகளும் பெருகுதல் இயல்பு. அவ்வடிநீரோடு உரமும் பூச்சிகொல்லியும் வந்து சேர்கின்றன. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா மீன் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பெருங்குளங்கள் தோன்றிய அதே காலத்தில் அது எங்கும் பரவி, ஏழைகளுக்கு மலிவான புரதவுணவாகவும், நாட்டுமீன்களுக்குப் போட்டியாகவும் ஆயிற்று. இன்று ஆற்றங்கரையில் ஒரு பிள்ளை வலையிற் காணும் முதல் மீன் பெரும்பாலும் அதுவே. அதனை இயற்கையின் பகுதியெனக் கற்பிப்பதா, வரலாற்றின் விளைவெனக் கற்பிப்பதா என்பது ஆசிரியர் முன்னுள்ள வினா. இரண்டும் உண்மை, ஆயினும் இரண்டாவதைக் கூறாது முதலாவதை மட்டும் கூறுதல் அரைகுறை உண்மையாகிவிடும்.

இங்கு நம்பிக்கை தரும் ஒரு நிகழ்ச்சியையும் குறிப்பிடல் வேண்டும். 1980களின் முற்பகுதியிற் கல்லோயா இடதுகரையில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் துணைநிற்க, உழவர் குழுக்கள் வாய்க்கால்தோறும் அமைக்கப்பட்டன. நாட்டில் இனமுரண்பாடு முற்றிவந்த அதே ஆண்டுகளில், தலைப்பக்கத்துச் சிங்கள உழவர் நீரைச் சிக்கனப்படுத்தி வாற்பக்கத்துத் தமிழ் உழவருக்கும் கிடைக்கச் செய்த நிகழ்ச்சிகளைத் திட்டத்தோடு தொடர்புடைய அறிஞர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலிற் பதிவு செய்துள்ளார். வட்டைவிதானையின் பழைய பணி வேறு வடிவில் மீண்டு வந்தது எனக் கூறினும் பொருந்தும்.

கரையிலிருந்து விலகிய காலம்

பின்வந்த போர்க்காலம் ஆற்றுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரத்தை மேலும் கூட்டியது. 2007இற் கிழக்கில் ஆயுத மோதல் ஓயும்வரை, மேற்கேயுள்ள வயல்களுக்கும் காடுகளுக்கும் செல்வது உயிராபத்து மிக்கதாயிருந்தது. உழவரே தம் வயலுக்குச் செல்ல அஞ்சிய நாளில் மாணவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வது எண்ணிப்பார்க்கவும் இயலாதது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தம் ஊரின் ஆற்றைப் பாலத்தின் மீதிருந்து மட்டுமே கண்டு வளர்ந்தனர்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த கடற்கோள் கரையூர்களை நிலைகுலையச் செய்தது. இலங்கையிற் கூடிய உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறையே. அதன் பின்னர்க் கண்டற்காடுகளும் மணற்றிட்டுகளும் கரையைக் காக்கும் அரண்கள் என்ற கருத்துப் பொதுமக்களிடையே பரவியது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அண்டிய பகுதியிற் கடலரிப்பு ஏற்பட்டமை, கரையோர மணலின் ஓட்டத்தைத் தடுத்தால் விளைவு யாது என்பதை ஊரவருக்குக் கண்முன் காட்டியது.

2024 நவெம்பர் 26ஆம் நாள் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் பயணித்த உழவு இயந்திரம் நீரில் அள்ளுண்டு மாணவர் பலர் உயிரிழந்தனர். ஆழ்ந்த துயருக்குரிய அந்நிகழ்ச்சியிற் குற்றங் காண்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆனால், அது எழுப்பும் வினாவை விலக்கிச் செல்லவும் இயலாது. தாழ்நிலத்தில் வெள்ளம் எவ்வழி வரும், வீதியைக் கடக்கும் நீரின் வேகம் எத்தகையது, மணற்றிட்டு வெட்டப்படாதவரை நீர் எங்கே தேங்கும் என்பன ஆற்றுச் சமநிலத்திலே வாழும் சமூகமொன்று தன் பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் கற்பித்தேயாகவேண்டிய அறிவாகும். ஆற்றை அறிதல் பரீட்சைப் புள்ளிக்கு உரியது மட்டுமன்று, உயிர்காக்கும் அறிவுமாகும்.

களப்பயணத்தின் உள்ளடக்கம்

இவ்வரலாற்றின் ஒளியில் நோக்குமிடத்து, இப்பிரதேசத்தின் ஆரம்பப் பாடசாலைக் களப்பயணம் எவ்வாறு அமைதல் தகும் என்பது ஓரளவு தெளிவாகின்றது. ஒரே நீர் குளத்திலும் வாய்க்காலிலும் ஆற்றிலும் களப்பிலும் முகத்துவாரத்திலும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைப் பிள்ளைகள் ஒப்பிட்டறிதல் வேண்டும். மிதக்கும் இலையொன்று குறித்த தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கணித்து நீரோட்டத்தின் வேகத்தை அறியலாம். ஆழங்குறித்த கோலில் வெண்டட்டு ஒன்றைக் கட்டி நீரிலிறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு தெளிவை அளக்கலாம். இத்தாலியரான செக்கி 1865இல் நடத்திய சோதனையும் இத்தகையதே. கல்லைப் புரட்டித் தும்பியின் இளம்பருவப் பூச்சியையும் நத்தையையும் அட்டையையும் எண்ணினால் நீரின் தூய்மை பற்றிய குறிப்புக் கிடைக்கும். கரையிலுள்ள மருதும் தில்லையும் ஏன் அடுத்தடுத்து வளர்வதில்லை என வினவினால் நன்னீர், உவர்நீர் என்னும் வேறுபாடு விடையாக வரும்.

இவற்றோடு அமையாது, மனிதரையும் களப்பயணத்தின் பகுதியாக்குதல் இன்றியமையாதது. முகத்துவாரம் வெட்டுவதைக் கண்ட முதிய மீனவர், வாய்க்கால் நீரைப் பங்கிடும் உழவர், பன் அறுத்துப் பாய் இழைக்கும் மூதாட்டி ஆகியோரிடம் பிள்ளைகள் வினா எழுப்பி விடை பெறவேண்டும். முன்பிருந்த மீன் எது, இப்பொழுது இல்லாத பறவை எது என்னும் இரு வினாக்களே பல ஏடுகளை நிரப்பும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஒரே முறையில் இப்பதிவுகள் செய்யப்படுமாயின், இருபது ஆண்டுகளில் எந்தத் திணைக்களத்திடமும் இல்லாத ஓர் ஆவணம் பாடசாலையின் பேழையில் இருக்கும். ஸ்ராம்பின் அளவீட்டுக்குக் கைகொடுத்த பிள்ளைகள் செய்தது இதுவே.

அட்டாளைச்சேனையிலுள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும், 1995இல் தோற்றுவிக்கப்பட்டு ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இப்பிரதேசத்திலேயே அமைந்துள்ளன. ஆறும் களப்பும் கடலும் சந்திக்கும் இடத்தில் ஒரு பல்கலைக்கழகம் அமைந்திருக்க, அயற்கிராமத்தின் ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கு அவ்வாறு பற்றிய தமிழ்க் கையேடொன்றைப் பல்கலைக்கழக மாணவர் ஆக்கி வழங்குதல் அரியதொரு செயலன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இலக்கியத்தோடு அமையாது இத்தகைய பணிகளிலும் கருத்தூன்றுதல் விபுலானந்தர் காட்டிய நெறிக்கு இயைந்ததாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஆற்றையும் அதன் உயிர்களையும் ஒருங்கே காணும் நோக்கு இப்பிரதேச மக்களிடம் முன்னரே இருந்தது. பாடசாலை அம்மக்களின் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது. அவர்களின் அறிவை ஏற்கத் தவறியது. களக்கல்வி என்னும் புதிய முறை மேலைநாட்டு வழியாக வந்து பாடத்திட்டத்தில் இடம்பெற்ற காலத்தில், ஆறு அணையாலும் குடியேற்றத்தாலும் மாற்றமடைந்திருந்தது; போர் அதன் கரையை எட்டாத தூரமாக்கியது. ஆதலால், இன்று களப்பயணம் செல்லும் பிள்ளை காண்பது இயற்கை மட்டுமன்று. இயற்கையின் மீது மனிதர் எழுதிய வரலாற்றையும் அது காண்கின்றது.

அவ்வரலாற்றை மறைத்து ஆற்றைக் கற்பித்தல் இயலாது. மலையில் விழும் மழை சிங்களக் கிராமத்தின் வாய்க்காலைக் கடந்து, தமிழரின் வயலிற் பாய்ந்து, முஸ்லிம் ஊரின் களப்பிலே தங்கிக் கடலைச் சேர்கின்றது. மேலே இடப்படும் நஞ்சு கீழே மீனிற் சேரும். கீழே அடைபடும் முகத்துவாரம் மேலே வயலை மூழ்கடிக்கும். இதனைப் பத்து வயதிலே தன் கண்ணாற் கண்டறிந்த பிள்ளை, அயலான் என்பவன் யார் என்னும் வினாவுக்கும் விடையறிந்ததாகும். அக்கரையும் இக்கரையும் ஒரே நீரின் இரு கரைகள் என்பதை அப்பிள்ளைக்கு எவரும் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.